பிள்ளை கேம் விளையாடியதால் போர்ட் எரியவில்லை

பதிவு கொஞ்சம் நீளம். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

2002க்கும் 2008க்கும் இடையில் வீட்டுக்கு முதன்முதலாகக் கொம்பியூட்டர் எடுத்த குடும்பங்கள் எங்கள் ஊரில் நிறைய இருக்கின்றன. சீட்டுக் காசு, வெளிநாட்டிலிருந்து வந்த காசு, உம்மாவின் வளையல் என்று எதையோ சேர்த்துத்தான் அது வீட்டுக்குள் வந்தது. தூசு படாமல் பூப்போட்ட துணி ஒன்றால் மூடியும் வைத்தோம். இரண்டு மூன்று வருடம் போனதும் அந்த மெஷின் நடுவில் தானாக நின்று திரும்ப எழும்பத் தொடங்கும். பிறகு ஒரு நாள் பட்டனை அழுத்தினால் உள்ளே விசிறி சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும். டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போனால் கடையில் ஒரே பதில்தான்: "போர்ட் போயிட்டு. புதுசு ஒன்டு போடணும்." வீட்டுக்கு வந்தால் அங்கேயும் ஒரே தீர்ப்புத்தான்: "ராப்பகலா கேம் விளையாடினா போகாம என்ன செய்யும்?"

இன்று முப்பதுகளில் இருக்கும் எங்களில் பலர் அந்தப் பழியைச் சுமந்து வளர்ந்தவர்கள். சில வீடுகளில் புது போர்ட் வாங்கக் காசில்லாமல் மெஷின் அப்படியே கட்டிலுக்குக் கீழே போனது. பிள்ளையும் அதற்குப் பிறகு கொம்பியூட்டர் பக்கம் போகவில்லை. அந்த வருடங்களில் உலகம் முழுவதும் மதர்போர்ட்டுகள் இப்படிக் கூட்டமாகச் செத்ததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் எங்கள் பிள்ளைகளின் பெயர் எங்கேயும் இல்லை.

முதலில் பொருளைப் பார்ப்போம். மாணவர்களின் பாடப்புத்தகம் தாய்ப்பலகை என்று சொல்கிற அந்த மதர்போர்டில், ப்ரொசெசரைச் சுற்றி சின்னச் சின்ன உருளைகள் நிற்கும். மேலே வெள்ளி நிற மூடி, அதில் கூட்டல் குறி போல அல்லது ஆங்கில எழுத்து கே போல ஒரு கீறல். அவைதான் கெபாசிட்டர்கள். உயர்தர பௌதிகவியல் படித்தவர்களுக்குக் கொள்ளளவி என்றால் தெரியும்.

அவற்றின் வேலை என்ன? பவர் சப்ளையிலிருந்து 12 வோல்ட் வருகிறது. ப்ரொசெசருக்கு வேண்டியது ஒன்றரை வோல்ட் கூட இல்லை. ஆனால் மின்னோட்டம் பயங்கரம்: 2004ஆம் ஆண்டின் பென்டியம் 4 ஒன்று முழு வேலையில் 70 அம்பியர் அளவுக்கு இழுக்கும். வீட்டில் உடுப்பு அழுத்தும் அயன் இழுப்பது 5 அம்பியர் கூட இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த 12 வோல்ட்டை ஒரு வினாடிக்கு இலட்சக்கணக்கான தடவை திறந்து மூடித்தான் ஒன்றரை வோல்ட்டாக்குகிறார்கள். அப்படிச் செய்தால் மின்சாரம் விட்டு விட்டுத்தான் வரும். பள்ளிவாசலில் வுழூச் செய்யும் குழாய்களுக்கு மேலே இருக்கும் தண்ணீர்த் தாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டர் ஓடினாலும் நின்றாலும், ஜும்ஆவுக்கு முன் நூறு பேர் ஒன்றாகக் குழாயைத் திறந்தாலும், தண்ணீர் ஒரே சீராக வருவது அந்தத் தாங்கியால்தான். கெபாசிட்டர் மின்சாரத்துக்கு அந்தத் தாங்கி. அது வற்றிப்போனால் ப்ரொசெசருக்குப் போகும் மின்சாரம் துள்ளும். மெஷின் தானாக நின்று எழும்பியது அதனால்தான்.

உள்ளே இருப்பது இரண்டு அலுமினியத் தாள்கள், நடுவில் மின்பகுபொருளில் நனைத்த கடதாசி, எல்லாம் சேர்த்துப் பாய் போலச் சுருட்டியது. 1990களின் கடைசியில் ப்ரொசெசர்கள் அதிக மின்னோட்டம் கேட்கத் தொடங்கியதும், ஜப்பானியக் கம்பனிகள் தண்ணீர் அதிகம் கலந்த மின்பகுபொருளைக் கொண்டுவந்தன. மலிவு, தடையும் குறைவு, வேலையும் நன்றாகச் செய்யும். ஒரு சிக்கல் இருந்தது. தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும். அரிக்கும்போது ஐதரசன் வாயு வரும். மூடிய தகரத்துக்குள் வாயு சேர்ந்தால் ஊதி வெடிக்கும். அதைத் தடுக்கச் சில இரசாயனங்களை அளவோடு சேர்க்க வேண்டும். முழு இரகசியமும் அந்தச் சேர்க்கையில்தான் இருந்தது.

2001, 2002 அளவில் தாய்வானில் செய்த கெபாசிட்டர்கள் பலவற்றின் மூடி ஊதி, பழுப்பு நிறக் கசிவு வெளியே வரத் தொடங்கியது. பல வருடம் தாங்க வேண்டியவை சில மாதங்களில் செத்தன. 2002இன் கடைசியிலும் 2003இன் தொடக்கத்திலும் துறை சார்ந்த சஞ்சிகைகள் காரணம் என்று ஒரு கதையை வெளியிட்டன. அமெரிக்க மின், மின்னணுப் பொறியியலாளர் நிறுவனத்தின் ஸ்பெக்ட்ரம் சஞ்சிகையும் அவற்றில் ஒன்று. ஜப்பானியக் கம்பனி ஒன்றில் வேலை செய்த விஞ்ஞானி ஒருவர் மின்பகுபொருளின் சூத்திரத்தை எடுத்துக்கொண்டு, தாய்வான் கம்பனி ஒன்றின் சீனக் கிளைக்குப் போனார். அங்கிருந்து அவரோ அவரோடு வேலை செய்தவர்களோ அதைத் தாய்வானில் விற்றார்கள். விற்ற சூத்திரத்தில் அந்தப் பாதுகாப்புச் சேர்க்கை முழுமையாக இருக்கவில்லை. பொருள் பார்வைக்குச் சரி, சோதனையிலும் சரி, பெட்டியில் போட்டுக் கப்பலில் ஏற்றும்வரைக்கும் சரி.

களவெடுத்தது பாதி, அதனால் பரக்கத்தும் இல்லாமல் போனது என்று சொல்ல இந்தக் கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஜும்ஆ பிரசங்கத்துக்கும் பொருந்தும். ஆனால் வரலாறு என்று எழுத உட்கார்ந்தால் இரண்டு விடயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று, இது பத்திரிகைகள் வெளியிட்ட தகவல்; நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்ட ஒன்றல்ல. மற்றது, எந்தச் சூத்திரத்தையும் களவெடுக்கத் தேவையில்லாத ஜப்பானியக் கம்பனியான நிச்சிகோனின் சில வகைக் கெபாசிட்டர்களும் 2003 முதல் 2005 வரையான மெஷின்களில் இதேபோல ஊதின. ஆகவே எல்லாப் பழியையும் ஒரு கள்ளனின் தலையில் போட்டுவிட்டுப் போக முடியாது. எல்லோரும் எல்லோரையும் விட மலிவாகச் செய்ய ஓடிய காலம் அது.

அந்த ஓட்டத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1997 பெப்ரவரியில் கொம்பாக் கம்பனி 999 டொலருக்கு ப்ரெஸாரியோ 2100 என்ற வீட்டுக் கொம்பியூட்டரைக் கொண்டுவந்தது. ஆயிரம் டொலர் என்ற வேலி உடைந்தது. அடுத்த வருடம் இன்டெல் தன் மலிவு ப்ரொசெசரான செலரோனை இறக்கியது. அதே 1998இல் கொரியக் கம்பனிகளின் முதலீட்டில் அமெரிக்காவில் தொடங்கிய ஈமெஷின்ஸ் 500 டொலருக்கும் குறைவாக விற்றது. இவ்வளவு விலை குறைக்க வேண்டுமென்றால் எதைக் குறைப்பது? ப்ரொசெசரின் வேகத்தைக் குறைத்தால் விளம்பரத்தில் தெரியும். ஹார்ட் டிஸ்க் சின்னதென்றால் வாங்குபவர் கேட்பார். கெபாசிட்டர் எந்தக் கம்பனியுடையது என்று யாரும் கேட்பதில்லை. பவர் சப்ளைக்குள் என்ன இருக்கிறது என்றும் யாரும் திறந்து பார்ப்பதில்லை. கேட்காத இடத்தில்தான் குறைத்தார்கள். 1990களின் நடுவில் சில மலிவு போர்ட்டுகளில் கேஷ் சிப் என்று ஒட்டியிருந்தது உள்ளே ஒன்றுமில்லாத வெறும் பிளாஸ்டிக் துண்டு என்பதும் அந்தக் காலத்திலேயே வெளிவந்த விடயம்தான்.

இனித்தான் கதையின் முக்கியமான இடம். டெல் கம்பனியின் ஒப்டிபிளெக்ஸ் மெஷின்களை எங்களுக்கும் தெரியும். பாவித்த பிராண்ட் மெஷின் என்று இங்கே கடைகளில் அடுக்கி வைத்திருப்பவற்றில் பல அவைதான். 2003 மே முதல் 2005 ஜூலை வரை அந்தக் கம்பனி அனுப்பிய மெஷின்களில் குறைந்தது 1 கோடி 18 இலட்சம் இந்தக் கோளாறுக்கு ஆளாகக்கூடியவை. இது 2007இல் அமெரிக்காவில் ஒரு வாடிக்கையாளர் கம்பனி தொடுத்த வழக்கின் ஆவணங்களில் இருந்தது. 2010 ஜூனில் நியூயோர்க் டைம்ஸ் அதை வெளிக்கொண்டுவந்தது. மூன்று வருடத்துக்குள் 97 வீதம் வரை கோளாறு வரலாம் என்று கம்பனியின் உள் ஆய்வே கணித்திருந்தது என்றும் அந்த வழக்கில் சொல்லப்பட்டது. போர்டில் பிழை என்ற பேச்சே வரக்கூடாது என்று விற்பனைப் பிரிவுக்குள் அறிவுறுத்தல் ஓடியது. பழுதான போர்ட்டைக் கழற்றிவிட்டு அதே நோயுள்ள இன்னொரு போர்ட்டைப் போட்டதும் நடந்திருக்கிறது.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஒஸ்டின் வளாகத்தில் கணிதத் துறையின் மெஷின்கள் வரிசையாகப் பழுதாகின. துறை முறையிட்டது. கம்பனி சொன்ன காரணம்: நீங்கள் கடினமான கணக்குகளைச் செய்ய வைத்து மெஷின்களுக்கு அளவுக்கு மீறி வேலை கொடுத்துவிட்டீர்கள்.

இதைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள். கணிதத் துறையிடம், கணக்குச் செய்ததால் கொம்பியூட்டர் பழுதானது என்று சொன்னார்கள். எங்கள் வீடுகளில் வாப்பாமார் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வாப்பாமார் தெரியாமல் சொன்னார்கள். அவர்கள் தெரிந்துகொண்டே சொன்னார்கள். இன்னொன்றும் உண்டு: அந்த வழக்கில் கம்பனிக்காக வாதாடிய சட்ட நிறுவனத்தின் ஆயிரம் மெஷின்களும் அதே சந்தேகத்துக்குரியவை, அவற்றைத் திருத்திக் கொடுக்கவும் கம்பனி தயங்கியது.

கடைசியில் பெரிய வாடிக்கையாளர்களுக்கு ஏதோ கிடைத்தது. 2005இல் டெல் தன் கணக்கில் இதற்காக ஏறத்தாழ 30 கோடி டொலரை ஒதுக்கியது. ஐமேக் ஜி5 மெஷின்களில் இதே பிரச்சினை வந்தபோது ஆப்பிளும் உத்தரவாதம் முடிந்தவர்களுக்கு இலவசமாகத் திருத்தும் திட்டம் ஒன்றை அறிவித்தது. மதர்போர்ட் கம்பனிகளில் அபிட் என்ற தாய்வான் கம்பனி வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. எங்கள் மெஷின்களோ கடையில் பொருத்தியவை. பெட்டி ஒரு கம்பனி, போர்ட் ஒரு கம்பனி, பவர் சப்ளை பெயரே இல்லாத கம்பனி. உத்தரவாதம் ஒரு வருடம். நோய் வந்தது இரண்டாம் வருடத்தில். யாரிடம் போய்க் கேட்பது? மிகக் குறைந்த காசுக்கு வாங்கியவர்தான் இந்த நட்டத்தை முழுமையாகத் தன் பையிலிருந்து கட்டினார். அதற்கு மேலே வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஏச்சும் விழுந்தது.

இது வரைக்கும் எங்களுக்கு எதிராக நடந்த வரலாறு. எங்களுக்குச் சார்பாகவும் ஒரு வரலாறு நடந்தது. செத்த போர்ட்டைக் கழற்றிவிட்டு, வேறொரு கம்பனியின் போர்ட்டை அதே பெட்டியில் பொருத்தலாம் என்பதை நாங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். தொலைக்காட்சிப் பெட்டியில் இது நடக்குமா? ஒரு கம்பனியின் போர்ட்டை இன்னொன்றின் பெட்டியில் போட முடியாது. கொம்பியூட்டரில் முடிகிறது.

1981 ஆகஸ்ட் 12ஆம் திகதி ஐபிஎம் தன் பெர்சனல் கொம்பியூட்டரை அறிவித்தது. புளோரிடா மாநிலத்தின் போகா ராட்டனில் ஒரு சின்னக் குழு ஏறத்தாழ ஒரு வருடத்தில் செய்து முடித்த வேலை. அவசரம் என்பதால் எல்லாவற்றையும் தாங்களே செய்யாமல் சந்தையில் கிடைத்த பாகங்களை எடுத்தார்கள். ப்ரொசெசர் இன்டெலின் 8088, வேகம் 4.77 மெகாஹேர்ட்ஸ். தனியாக விற்ற தொழில்நுட்பக் கைநூலில் போர்ட்டின் சுற்று வரைபடத்தையும், பயோஸ் நிரலையும் வரிக்கு வரி அச்சிட்டிருந்தார்கள். மற்றவர்கள் அதற்கேற்ற அட்டைகளைச் செய்ய வேண்டும் என்பதுதான் நோக்கம். மற்றவர்கள் முழு மெஷினையே செய்தார்கள். பயோஸுக்கு மட்டும் பதிப்புரிமை இருந்தது. கொம்பாக் அதற்கு ஒரு வழி கண்டது: ஒரு குழு அந்த நிரல் என்ன செய்கிறது என்று படித்துக் குறிப்பெழுதியது, அந்த நிரலைக் கண்ணாலும் காணாத இன்னொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாக எழுதியது. 1983இல் அந்த மெஷின் சந்தைக்கு வந்தது. அதற்குப் பிறகு தாய்வானின் சின்னத் தொழிற்சாலைகளும் போர்ட் செய்யத் தொடங்கின. மேலே சொன்ன கெபாசிட்டர் கதைக்கும், எங்கள் ஊருக்குக் கொம்பியூட்டர் வந்ததற்கும் ஒரே வாசல்தான்.

1984இன் ஐபிஎம் ஏடி மெஷினின் போர்ட் அளவை எல்லோரும் பின்பற்றினார்கள். பிறகு அதைச் சுருக்கி பேபி ஏடி என்றார்கள். அந்தக் காலத்துப் போர்ட்டுக்கு மின்சாரம் இரண்டு தனித்தனிக் குச்சிகளால் போகும். மாறிச் செருகினால் போர்ட் எரிந்துவிடும். கறுப்பு வயர்கள் இரண்டும் நடுவில் சேர வேண்டும் என்பதுதான் அன்றைய டெக்னீசியன்களின் முதல் பாடம். 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற புதிய அளவை வெளியிட்டது. மின்சாரம் ஒரே குச்சி, மாறிச் செருகவே முடியாது. திருகாணித் துளைகள் எங்கே, பின்பக்கத் துவாரங்கள் எங்கே என்பதெல்லாம் எழுத்தில் வந்தது. 1997 டிசம்பரில் அதன் சிறிய பிள்ளையாக மைக்ரோ ஏடிஎக்ஸ், 244 மில்லிமீற்றர் சதுரம். 2003இல் வாங்கிய பெட்டிக்குள் இன்று செய்த மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்ட் ஒன்றை வைத்துப் பாருங்கள். துளைகள் பொருந்தும்.

மலிவு மெஷின் செய்த பெரிய கம்பனிகள் எல்லாம் இதை விரும்பவில்லை. சில கம்பனிகள் எல்பிஎக்ஸ் என்ற வகையைப் பாவித்தன: நடுவில் நிமிர்ந்து நிற்கும் ஒரு அட்டை, பெட்டி அழகாகத் தட்டையாக இருக்கும், போர்ட் போனால் அதே கம்பனியிடம்தான் போக வேண்டும். 1990களின் கடைசியில் டெல் செய்தது இன்னும் மோசம். குச்சி பார்வைக்கு ஏடிஎக்ஸ் போலவே இருக்கும். உள்ளே வயர்களின் ஒழுங்கு வேறு. தெரியாமல் சாதாரண பவர் சப்ளையைப் போட்டவரின் போர்ட் புகைந்தது. பாவித்த பிராண்ட் மெஷின் வாங்குகிறவர்கள் இன்றும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பவர் சப்ளை சாதாரண வகையா, கம்பனியின் சொந்த வகையா? புதிய மொடல்களிலும் இந்தப் பழக்கம் இருக்கிறது.

பெட்டியின் துளைகள் பொருந்தின, சரி. ஆனால் போர்ட்டின் மேலே இருந்தவை மாறிக்கொண்டே போயின. பென்டியம் 4 முதலில் 423 ஊசிகளோடு வந்தது. ஒரு வருடத்துக்குள் 478. 2004இல் 775. செல்வாக்கான ரெம் எஸ்டிரெமிலிருந்து டிடிஆருக்கும், பிறகு டிடிஆர்2வுக்கும் டிடிஆர்3க்கும் மாறியது. ஒவ்வொன்றின் வெட்டும் வேறு இடத்தில். கிராபிக்ஸ் அட்டையின் ஏஜிபி இடைவெளி போய் பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்தது. பவர் சப்ளையின் குச்சி 20 ஊசியிலிருந்து 24 ஆனது. ஹார்ட் டிஸ்கின் பட்டையான நாடா வயர் போய் மெல்லிய சாட்டா வந்தது. 2002இல் வாங்கிய மெஷினின் போர்ட் 2006இல் செத்தால், அதே வகைப் போர்ட் கடையில் புதிதாகக் கிடைக்காது. புது வகைப் போர்ட் போட்டால் ப்ரொசெசர் மாற்ற வேண்டும், ப்ரொசெசர் மாற்றினால் ரெம், பிறகு பவர் சப்ளை. போர்ட் ஒன்றுக்காகக் கடைக்குப் போனவர் முழு மெஷினின் விலையோடு திரும்பினார். மிஞ்சியது பெட்டியும் கீபோர்டும்.

விண்டோஸும் அதில் சேர்ந்துகொண்டது. 2001இல் வந்த எக்ஸ்பி, மெஷினின் பாகங்களைக் கணக்கெடுத்து அடையாளம் வைத்துக்கொள்ளும். மெஷினோடு வந்த உரிமம் போர்ட்டோடு கட்டுப்பட்டது. போர்ட்டை விருப்பத்துக்கு மாற்றினால் அது புது மெஷின் என்பது மைக்ரோசொப்ட்டின் சட்டம். பழுதானதற்குப் பதிலாக மாற்றினால் அப்படியல்ல என்ற விலக்கும் அதிலேயே இருந்தது. எங்கள் ஊரில் இந்தச் சட்டம் யாரையும் பாதிக்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். அது ஹலாலா என்பது வேறொரு பதிவுக்குரியது.

இவ்வளவுக்கும் செத்தது பெரும்பாலும் முழுப் போர்ட் அல்ல, அதிலிருந்த ஐந்தோ ஆறோ கெபாசிட்டர்கள். அவற்றைக் கழற்றிப் புதிது போட்டால் அதே போர்ட் எழும்பும். ரேடியோவும் டீவியும் திருத்திப் பழகிய பழைய ஆட்களுக்கு ஊதிய கெபாசிட்டரைப் பார்த்ததும் விளங்கும். நாங்கள் மெஷினை அவர்களிடம் கொண்டுபோகவில்லை. கொம்பியூட்டர் கடைக்குக் கொண்டுபோனோம். அங்கே அன்று இருந்தவர்களில் பலருக்குப் பாகம் மாற்றத் தெரியும், பாகத்துக்குள் கை வைக்கத் தெரியாது. அவர்களைக் குறை சொல்லவில்லை. போர்ட் விற்றால் இலாபம் இருக்கிறது, கெபாசிட்டர் மாற்றினால் அரை நாள் போகும். போர்டில் பல அடுக்குச் செம்பு இருப்பதால் சூடு உடனே பரவிவிடும், சின்ன சொல்டரிங் அயன் ஈயத்தை உருக்காது. பொறுமையும் கொஞ்சம் பலமான அயனும் வேண்டும்.

எங்கள் காலநிலையும் இதில் ஒரு பங்கு எடுத்தது. இந்த வகைக் கெபாசிட்டரில் 105 பாகை என்று அச்சிட்டிருக்கும். 105 பாகை செல்சியஸில் 2000 மணித்தியாலம் உழைக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டால், சூடு ஒவ்வொரு 10 பாகை குறையும்போதும் ஆயுள் இரட்டிப்பாகும். 65 பாகையில் 32,000 மணித்தியாலம். நாளுக்கு 8 மணித்தியாலம் என்றால் ஏறத்தாழ 11 வருடம். 85 பாகையில் 8,000 மணித்தியாலம். மூன்று வருடம் கூட இல்லை. இது நல்ல கெபாசிட்டரின் கணக்கு. சுவரோடு ஒட்டி, துணியால் மூடி, தூசு அடைத்த விசிறியோடு ஓடிய மெஷினுக்குள் எத்தனை பாகை இருந்திருக்கும்? ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி மின்னல் காலம். டெலிபோன் வயர் வழியாக வந்த மின்னலில் மோடமும் அதோடு போர்டும் போன வீடுகள் உண்டு. 2001, 2002இல் மின்வெட்டு. ஒவ்வொரு முறையும் கரண்ட் திரும்பி வரும்போது அந்த மலிவு பவர் சப்ளைதான் முதல் அடியை வாங்கியது.

2006, 2007க்குப் பிறகு போர்ட் கம்பனிகள் திரவம் இல்லாத திண்மக் கெபாசிட்டர்களுக்கு மாறின. பெட்டியிலேயே பெரிதாக அச்சிட்டு விளம்பரமும் செய்தன. அவற்றின் மூடியில் கீறல் இருக்காது; சூடு 20 பாகை குறைந்தால் ஆயுள் பத்து மடங்காகும். இன்று புதிதாக வாங்கும் போர்டில் இந்த நோய் அபூர்வம்.

அப்படியென்றால் இதை இப்போது எழுதுவது ஏன்? 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது எத்தனை வீடுகளில் ஒரு போனை நான்கு பிள்ளைகள் பங்கிட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அதே வீடுகளில் சிலவற்றில் கட்டிலுக்குக் கீழே ஒரு செத்த மெஷின் கிடந்தது. 2022இல் டொலர் இரண்டு மாத அளவில் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வந்தது. புது மெஷின் வாங்குவது என்ற பேச்சே பல வீடுகளில் நின்றுபோனது. இன்றும் சாதாரண தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுக்கும் பிள்ளைகளில் சிலர் கீபோர்டைத் தொடுவது பாடசாலை ஆய்வுகூடத்தில் மட்டும்தான். எழுதவும், கணக்கு அட்டவணை போடவும், நிரல் எழுதிப் பழகவும் 2008இன் மெஷின் ஒன்று இன்றும் போதும். பழைய 775 வகை ப்ரொசெசருக்கான போர்ட்டுகளை டிடிஆர்3 ரெம்மோடு ஆசியச் சந்தைகளுக்குப் பல வருடம் தொடர்ந்து செய்து கொடுத்தார்கள். ஆகவே போர்டே மாற்ற வேண்டி வந்தாலும் ப்ரொசெசரைக் காப்பாற்ற வழி இருக்கிறது.

பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்து, பக்கத் தகட்டைத் திறவுங்கள். பிளக் இருக்கும்வரை மெஷின் அணைந்திருந்தாலும் போர்டில் 5 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும், மறக்க வேண்டாம். பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். அதற்குள் பிளக் கழற்றிய பிறகும் உயிரைக் குடிக்கும் அளவுக்கு மின்சாரம் தேங்கி நிற்கும். தூசியைப் பழைய பெயின்ட் பிரஷ் ஒன்றால் தட்டுங்கள். ப்ரொசெசரின் விசிறிக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் உருளைகளின் மூடியைப் பாருங்கள். தட்டையா, ஊதியா, பழுப்பு நிறத்தில் ஏதும் கசிந்திருக்கிறதா? எல்லாம் தட்டையாக இருந்தால் முதலில் காசு போல வட்டமாக இருக்கும் பட்டரியை மாற்றிப் பாருங்கள், ரெம்மைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போடுங்கள். சில மெஷின்கள் அதற்கே எழும்பும். ஊதியிருந்தால் எத்தனை என்று எண்ணி, பக்கத்தில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் மைக்ரோபரட்டையும் குறித்து, ஒரு படமும் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். ஊரில் சொல்டரிங் தெரிந்தவர்கள் யார் யார் என்று எங்களுக்குத் தெரியும். பாடசாலை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை அஸருக்குப் பிறகு எல்லா மெஷினையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கலாம். அந்த மெஷினில் கேம் விளையாடி ஏச்சு வாங்கிய பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இப்போது அவருக்கே ஒரு பிள்ளை இருந்தாலும் சரிதான்.